வெளியூருக்குப் போகிற அரிசி

என் அக்கா ஹேஷியாங் தன் மகளை வளர்த்த கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மெச்சித்தான் சொல்வார்கள். நான் சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கதையை நினைத்தாலே குமட்டுகிறது.

நான் கைஷெங். லியூதாங் சந்தைக்கு எதிரே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறேன். கல்யாணமும் இல்லை, நிலமும் இல்லை. நிலம் இல்லாதவன் வாய் கிழிய நியாயம் பேசலாம், அவனுக்கென்ன நஷ்டம் என்று அக்கா அடிக்கடி இடித்துக் காட்டுவாள். அவளுக்கு ஆற்றோரம் நெல் வயல் இருக்கிறது. மச்சான் தூரத்து நகரங்களில் கட்டட வேலை செய்கிறார். புத்தாண்டுக்கு வந்து நாலு நாள் தூங்கிவிட்டுப் போய்விடுவார். அதனால் வயலையும் மகளையும் அக்கா ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.

ஆற்றுக்கு மேல்பக்கம் துத்தநாகம் உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அது கழுவிவிடும் தண்ணீர்தான் எங்கள் வயல்களுக்குப் பாய்கிறது. அக்கா மகள் மான்லிங் பிறந்த வருஷம் நகரத்திலிருந்து சிலர் வந்து மண்ணையும் நெல்லையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். காட்மியம் என்று ஒரு பெயர் சொன்னார்கள். அது சோற்றோடு உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பை அரிக்கும் என்றார்கள். அப்புறம் அவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆனால் அந்தப் பெயரை ஊர் மறக்கவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் பலமாகத் தும்மினார், விலா எலும்பு முறிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு யார் மறப்பார்கள்?

வேறு ஊராக இருந்தால் ஆலை வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதைவிடப் புத்திசாலிகள். வழக்கம்போல நட்டார்கள், அறுத்தார்கள், அறுத்த நெல்லை ஒரு மணி மிச்சம் வைக்காமல் அரைவை மில் பெங் முதலாளியின் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தங்கள் வீட்டுக்குக் கடையில் அரிசி வாங்கினார்கள். லாரி எங்கே போகிறது என்று கேட்டால் வெளியூருக்கு என்பார்கள். வெளியூர் என்றால் எது, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்டவனைத்தான் பைத்தியக்காரன் என்றார்கள்.

இதில் ஒரு மரியாதையும் பழகிப்போயிற்று. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், சோற்றுக் கிண்ணத்தை நீட்டும்போது வீட்டுக்காரி தாழ்ந்த குரலில், "கடை அரிசிதான்" என்பாள். அப்புறம்தான் விருந்தாளி சாப்பிடும் குச்சியைக் கையில் எடுப்பார். சொல்ல மறந்துவிட்டால் விருந்தாளி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வயல் அரிசியின் நொய்யைக் கோழிக்குப் போடுவார்கள். அந்தக் கோழி இடும் முட்டையும் வெளியூருக்குத்தான். இப்படி ஒரு ஊரில் பிறந்தேன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

அக்கா இதில் எல்லாரையும் மிஞ்சியவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மான்லிங்கை வளர்த்தாள். சந்தைக் கடையிலேயே விலை கூடிய அரிசி, தாய்லாந்து வாசனை அரிசி என்று யானைப் படம் போட்ட பையில் வரும். மற்றவர்களில் பலர் மட்டமான கடை அரிசி வாங்குவார்கள், இவள் யானைப் பைதான் வாங்குவாள். தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வெறும் நூடுல்ஸ் வேகவைத்துக் குடித்துவிட்டு, யானை அரிசியை மகளுக்கு மட்டும் வடிப்பாள். பானையைத் திறந்து வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என் பொண்ணு உடம்புல இந்த ஊர் அரிசி ஒரு பருக்கை போனதில்ல" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பெற்ற மனம் பித்து என்று நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மான்லிங் பரீட்சை நன்றாக எழுதினாள். குவாங்சோ பெருநகரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் கோடை முழுக்க அக்கா மூட்டை கட்டினாள். கொசுவலை, வெந்நீர்க் குடுவை, வயிற்றுப்போக்கு மாத்திரை, வெயிலில் மயங்காமல் இருக்க மூலிகைத் தண்ணீர் புட்டிகள், ஏனென்றால் சேர்ந்தவுடனே புதுப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ராணுவப் பயிற்சி கொடுப்பார்கள். கூடவே பாடம் வேறு. திறந்து வைத்த புட்டியிலிருந்து குடிக்காதே. எவன் காரிலும் ஏறாதே. உன் வங்கி அட்டையைத் தோழிக்குக்கூடக் கொடுக்காதே. பையன் யாராவது சேர்ந்து தங்கலாம் என்றால் என்னிடம் முதலில் சொல். அந்தக் கடைசிப் பாடத்துக்கு மான்லிங் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குக் கோபம் வந்து அன்று முழுக்கப் பேசவில்லை.

விலா முறிந்தவரின் மனைவி வந்து, புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் பழைய வழக்கப்படி வீட்டு மண்ணில் ஒரு சிட்டிகை கட்டிக் கொடு, வயிற்றைப் புரட்டினால் கரைத்துக் குடிக்கட்டும் என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு மூளை இருக்கா? இந்த மண்ணையா?" என்று கேட்டு வாசலில் காறித் துப்பினாள். மண் ஆகாது என்று அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

செப்டம்பரில் ரயிலேறினோம். சாமான் தூக்க நானும் போனேன். ஹாஸ்டலில் மகள் படுக்கப்போகிற கட்டிலை அக்கா கிருமிநாசினி போட்டு மூன்று தடவை துடைத்தாள். அதே அறையில் பாய் நிங் என்று ஒரு பெண், வடமேற்கு மலைப்பக்கத்துக்காரி, ஒல்லியாக இருந்தாள், யாரும் கூட வரவில்லை. தான் சின்ன வயதிலிருந்து கோதுமையும் உருளைக்கிழங்கும் தின்றே வளர்ந்ததாகவும், இங்கே மூன்று வேளையும் வெள்ளை அரிசிச் சோறு கிடைப்பது திருவிழா போல இருப்பதாகவும் சொன்னாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போய், "எங்களோட வாம்மா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று அழைத்துக்கொண்டாள்.

கேன்டீனில் ஆயிரம் பிள்ளைகள் இரைச்சலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு போடுகிற ஜன்னலில் ஒரு குண்டு அம்மாள், கையில் பெரிய கரண்டி. எங்கள் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்றாள். லியூதாங் என்று அக்கா சொன்னவுடனே அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, லியூதாங்கா? நம்ம அரிசியே உங்க ஊர்லேர்ந்துதான் வருது. பெங் முதலாளின்னு ஒருத்தர் அனுப்புறாரு. கவலைய விடுங்க, பொண்ணுக்கு வீட்டுச் சோறு மாதிரியே இருக்கும்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் யானைப் படம். தாய்லாந்து அரிசி என்றல்லவா எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். "பையில யானை போட்டா யானை ஊர்லேர்ந்து வந்துடுமா? உங்க ஊரு நெல்லுதான். மில்லுல ஒரு பாட்டில் செண்ட்டத் தெளிச்சா தாய்லாந்து. அவரே சொல்லிச் சிரிப்பாரு. இது ஊர்ல எல்லா மில்லுலயும் நடக்குறதுதானே."

பாவம், அவளுக்குத் தெரிந்தது பை பொய் என்பது மட்டும்தான். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இனி நாலு வருஷம் மகள் தின்னப்போவதும், இத்தனை வருஷம் அவளே முகர்ந்து பார்த்து வடித்துப் போட்டதும் ஒரே அரிசிதான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. தன் வயல் நெல்லைக் குறைந்த விலைக்கு விற்று, அதையே செண்ட் தெளித்து இரட்டை விலைக்கு வாங்கி, தான் நூடுல்ஸ் குடித்து மகளுக்கு ஊட்டியிருக்கிறாள்.

திரும்பினாள். எங்களுக்கு முன்னே சோறு வாங்கிப்போய் மேஜையில் உட்கார்ந்த மான்லிங்கும் பாய் நிங்கும் பாதி முடித்திருந்தார்கள். அக்கா ஓடிப்போய் மகளின் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"துப்பு."

கைக்குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மான்லிங்குக்கு முகம் சிவந்துவிட்டது, விழுங்கிவிட்டாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கூடைப்பந்து மைதானத்துக்குப் பின்னால் போனதும் அக்காவே குனிந்து வாந்தி எடுத்தாள். அவள் அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

அப்புறம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, இனிமேல் இங்கே சோறு தொடாதே, நூடுல்ஸ் சாப்பிடு, ரொட்டி சாப்பிடு, பணம் நான் அனுப்புகிறேன், ஆனால் யாரிடமும் காரணம் சொல்லாதே, ஊர் பெயர் கெட்டுவிடும் என்றாள். மான்லிங் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு சாப்பிடுவாங்கன்னு நெனச்சு வித்தீங்கம்மா?"

"யாரோ வெளியூர்க்காரங்க."

"நான் இப்ப வெளியூர்லதானே இருக்கேன்."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் பதில் சொல்லியிருப்பேன், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அப்போது பாய் நிங் கேன்டீன் வாசலில் நின்று கை காட்டினாள். மான்லிங்கின் தட்டில் மிச்சமிருந்த சோற்றையும் வீணாக்காமல் தானே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது. அன்று சாயங்காலம் ரயிலில் திரும்பினோம், வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

ஊருக்கு வந்ததும் யானைப் பை விஷயத்தைச் சந்தையில் நானே உரக்கச் சொன்னேன். என்ன நடந்தது என்கிறீர்கள்? பெங் மேல் ஒருத்தரும் கை வைக்கவில்லை. எதை வைத்துக் கேட்பது? விஷ நெல்லை ஏன் எங்களுக்கே விற்றாய் என்றால், விஷம் என்று தெரிந்து என்னிடம் ஏன் விற்றாய் என்பான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே வசதியுள்ளவர்கள் எல்லாரும் மயில் படம் போட்ட பைக்கு மாறிவிட்டார்கள்.

அக்கா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வருஷம் இரண்டாம் போக நெல் அறுத்ததும் பெங்கின் லாரி வாசலில் வந்து நின்றது. அக்கா தரமாட்டேன் என்றுவிட்டாள். ஊர் அவளைச் சுற்றி நின்று பேசியது. நீ நிறுத்தினால் எங்கள் நெல்லில் குறை என்று ஆகாதா என்றார்கள். நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை எல்லாம் பேசினார்கள். மச்சான் போனில் கத்தினார். அவள் ஒன்றுக்கும் அசையவில்லை. வெளியே வைத்தால் யாராவது தூக்கிப் போய் விற்றுவிடுவார்கள் என்று மூட்டைகளை எல்லாம் மான்லிங்கின் அறையில் அடுக்கினாள். கட்டில் மேல், படிக்கிற மேஜை மேல், கூரை முட்டும்வரை. தின்ன முடியாது, விற்கக் கூடாது, பன்றிக்குப் போட்டால் பன்றியை எவனாவது தின்பான். எலி வந்தது. வீடு முழுக்க எலி நாற்றம். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் என் வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

மான்லிங் அங்கே சும்மா இருக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொன்னதை அவள் ஒரு வாரம்தான் காப்பாற்றினாள். பாய் நிங் ஒவ்வொரு வேளையும் இரண்டு கிண்ணம் சோறு தின்பதை எதிரே உட்கார்ந்து பார்க்க முடியவில்லையாம். அவளிடம் சொல்லிவிட்டாள். பிறகு இருவருமாக வகுப்புப் பொறுப்பாளரிடம் போனார்கள். அவர் முதலில் அதட்டினார், வதந்தி பரப்பினால் பட்டம் கிடைக்காது என்றார். பிள்ளைகள் சிலரின் பெற்றோர் காதுக்குப் போனதும்தான் கல்லூரி அரிசியைச் சோதனைக்கு அனுப்பியது. இதெல்லாம் மான்லிங் எனக்குத்தான் போனில் சொன்னாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் மாமா, முடிவு தெரிந்த பிறகு நானே சொல்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டபோது, இந்த மண்ணிலும் இப்படி ஒன்று முளைத்ததே என்று தோன்றியது.

முடிவை அக்காவுக்குச் சொன்னது மான்லிங் இல்லை, பெங். புத்தாண்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தான். நான் அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் தோலைத் தரையில் துப்பிக்கொண்டே பேசினான். மூக்கைச் சுருக்கி, எலி நாற்றம் தாங்கவில்லையே அக்கா என்று அனுதாபப்பட்டான்.

"உங்க பொண்ணு படிக்கிற காலேஜ் ஆர்டர் போயிடுச்சு, தெரியுமில்ல? எவளோ ஒருத்தி புகார் குடுத்துட்டா. பழைய ஸ்டாக்கெல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப வேற ஆளு அரிசி போடுறான், நெசமான வடக்கு அரிசி."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயம் என்றான். ஒரு பைகூட அங்கே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றான். மறுபடி கேட்டாள். அவன் தன் செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான்.

"அப்ப இப்ப எங்க போகுது?"

"பாலர் பள்ளிங்களுக்கு. ஏஜெண்ட் ஒருத்தன் மாட்டுனான், நெறையப் பள்ளிக்கூடம் அவன் கையில. சின்னப் புள்ளைங்க எவ்வளவு திங்கப் போவுதுங்க, ஒரு கைப்பிடி. புகார் குடுக்கவும் தெரியாது."

"எந்த ஊர்ல?"

"வெளியூர்தான்."

நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். அக்கா அவன் முகத்தில் துப்புவாள் என்றுதான் நினைத்தேன். வாசலில் துப்பத் தெரிந்தவள்தானே. அவள் கண்ணை மூடி மூச்சை மெதுவாக விட்டாள். செப்டம்பரிலிருந்து உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு அது. கன்னத்தில் ரத்தம் திரும்பியது. பழைய வெளிச்சம், சோற்றுப் பானையைத் திறந்து முகரும்போது வருமே, அதே வெளிச்சம் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, பாலர் பள்ளிக்குப் போகுது" என்றேன்.

"நம்ம புள்ளையா அங்க படிக்குது?" என்றாள்.

எழுந்து போய் மான்லிங் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். லாரி ஆட்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அக்கா வாசற்படியில் நின்று அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்து எடுங்கப்பா. கட்டில்ல இடிச்சுடாதீங்க. என் பொண்ணு புத்தாண்டுக்கு வர்றா, அதுலதான் படுக்கணும்."